ஆர்லோ தூக்கிய கை

இறால் உரிக்க எனக்கு நல்ல பொறுமை உண்டு. அன்று மதியமும் ஆறு பேருக்கும் நான்தான் உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நினைப்பதுபோல யாரும் குடித்துவிட்டு ஆடவில்லை, இன்ஸ்பெக்டர். சிட்னிக்கு வடக்கே, கடலைப் பார்த்த எங்கள் விடுமுறை வீட்டு மாடி அது. போக வேண்டிய வேலை என்று எங்களில் யாருக்கும் ஒன்றும் கிடையாது. ஆர்லோவுக்குத்தான் திடீரென்று வந்தது.

ஒன்பது வருடமாக என் காதலன் அவன். நாட்டின் வடகோடியில், டார்வின் நகரத்துப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியாராகப் போகிறேன் என்றான்.

“வாத்தியாரா? உனக்கே ஏழாம் வாய்ப்பாடு வராதேடா,” என்றாள் எங்கள் தோழி பிப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான்: “இமோ, நீ வர வேணாம். உங்ககூட இருந்தா எதுவுமே உறைக்க மாட்டேங்குது. நான் மனுஷனாகணும்.”

“சரி, போயிட்டு வா,” என்றேன். இன்னொரு இறாலை எடுத்து உரித்தேன்.

அவன் கடலில் இறங்கினான். குளிக்கப் பாதுகாப்பானது என்று கொடி நட்ட இடத்தைத் தாண்டிப் பாறைப் பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் தண்ணீரிலிருந்து ஒரு கை நேராக எழுந்தது.

“பாரேன், டாட்டா காட்டுறான்,” என்றாள் பிப்பா. அவள் லண்டனில் வளர்ந்தவள், மற்றவர்களும் கடல் பழகாதவர்கள். நானும் ஆர்லோவும் ஆறு வயதில் இதே கரையில் உயிர்காக்கும் வகுப்புக்குப் போனோம். கையை ஆட்டாமல் நேராகத் தூக்கினால் ‘காப்பாற்று’ என்று அர்த்தம்.

தூரத்தில் இருந்த கடற்கரைக் காவலர் எழுந்து அவனைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே கையை நன்றாக ஆட்டினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் ஆட்டினார்கள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவர் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்லோ மறுபடியும் தூக்கினான். நான் மறுபடியும் ஆட்டினேன்.

மறுநாள், மகனைப் பறிகொடுத்த அவன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேனே, அது நடிப்பில்லை. இப்போதும் அழுகை நிற்கவில்லை.

மூன்றாவது முறை அவன் காவலர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் தூக்கினான். அந்த மாடியில் அது புரிகிறவள் நான் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரியும். கடைசியில் நான்தான் வேண்டும் என்று அவனே சொல்லிவிட்டான், இல்லையா? அது போதும் என்று கையைக் கீழே இறக்கினேன்.