இடுக்கித் திறக்கும் கை

அக்கா: பாட்டிலத் திறக்குதுல்ல? அப்புறம் ஏன்டா அந்த இரும்புக் கை முன்னாடி மண்டி போட்டு உட்கார்ந்திருக்கே?

தம்பி: எப்படித் திறக்குதுன்னு பாருக்கா. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவுல மூடிய இடுக்கிக்கிட்டு... கட்டைவிரல் சும்மாவே நிக்குது.

அக்கா: விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

தம்பி: கிண்டல் பண்ணு. காலையில வாங்குறவங்க வர்றாங்க. இது மருந்து பாட்டிலத் திறந்து காட்டணும்.

அக்கா: காட்டும்டா... ஐயோ, வழுக்கிடுச்சு.

தம்பி: மறுபடியும் கொட்டிடுச்சு! மோட்டாரை மாத்தினேன், கம்பியை மாத்தினேன். சனியன்...

அக்கா: அதைத் திட்டாதே.

தம்பி: வேற யாரைத் திட்டறது?

அக்கா: அதுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?

தம்பி: நீதான். சென்சார் கையுறை மாட்டிக்கிட்டு நீ செய்யச் செய்ய, அது பாத்துக் கத்துக்கிச்சு. நம்ம வீட்டுல உன் கைவாகு யாருக்கு வரும்? அதனாலதானே உன்னை இந்த வேலைக்கே கூட்டிட்டு வந்தேன்.

அக்கா: அப்போ அது சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கு.

தம்பி: புரியல.

அக்கா: இந்த டம்ளரைத் தூக்கறேன், பாரு.

தம்பி: அக்கா... உன் கட்டைவிரல்...

அக்கா: மடங்க மாட்டேங்குதுடா. நாள் பூரா மூடி திருகித் திருகி... அந்த விரலை விட்டுட்டே செய்யப் பழகிட்டேன்.

தம்பி: ஏன் சொல்லல?

அக்கா: நீ சொல்லிச் சேர்த்த ஆளு நான். பாதியில நின்னா உன்னைத்தானே கேப்பாங்க?

தம்பி: அதுக்காக?

அக்கா: சட்டைப் பொத்தான் போடவும் இதுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போ என் பிள்ளைக்குப் போட முடியல. "அப்பா போடட்டும்மா"ங்கறான்.

தம்பி: எழுந்திரு. டாக்டர்கிட்ட போலாம்.

அக்கா: காலையில ஆளுங்க வர்றாங்களே?

தம்பி: வரட்டும். அக்கா... திரையில உன் கட்டைவிரல் எவ்வளவு அழுத்துதுன்னு காட்டுற கோடு வாராவாரம் இறங்கிக்கிட்டே வந்துச்சு. கையுறைதான் பழுதுன்னு நினைச்சேன். இல்ல... கையுறைப் பழுதாவே இருக்கட்டும்னு நினைச்சுக்கிட்டேன்.

அக்கா: தெரியும்டா. ஒவ்வொரு தடவையும் புதுக் கையுறைய நீயேதான் மாட்டிவிட்டே. இந்தத் தடவையாவது வலிக்குதான்னு கேக்க மாட்டியான்னு கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ மாட்டிவிட்டுட்டுத் திரையைப் பாக்கத் திரும்பிடுவே.