அறுபத்திரண்டு வீட்டுச் சைபர்

மெரினா: அந்தத் தட்ட மொதல்ல எடுங்க வீரம்மாக்கா. இப்ப டொக்டரம்மா போன்ல வந்துருவாங்க.

வீரம்மா: எதுக்கு எடுக்கணும்? நோர்வேயிலருந்து நம்மளத் தேடி வர்றாங்க. வெறும் மேசையவா... காட்டுறது?

மெரினா: போன்ல வர்றவங்களுக்கு எப்படிக்கா வெத்தில குடுப்பீங்க?

வீரம்மா: குடுக்க வேணாம் புள்ள, முன்னால வச்சாப் போதும். மாதர் சங்கத் தலைவின்னு என்னயக் கூட்டியாந்து ஒக்கார வச்சிட்டு, மரியாத தெரியாதவன்னு பேரு வாங்கிக் குடுத்துராத.

மெரினா: வெத்தில பாக்கோட நின்னாப் பரவால்ல. பொயிலயும்ல இருக்கு. அவங்க புகையிலைய ஒழிக்கிற டொக்டர்.

வீரம்மா: பொயில இல்லாத தட்ட எழவு வீட்டுல கூட வைக்க மாட்டாங்க.

மெரினா: அக்கா, நம்ம தோட்டத்துல ஒருத்தருமே புகையிலை பாவிக்கிறதில்லன்னு நான் எழுதி அனுப்பியிருக்கேன். ஹட்டன்ல பயிற்சிக்குப் போனப்ப அந்தம்மா தகவல் கேட்டாங்கன்னு, அறுபத்திரெண்டு வீடும் ஏறி எறங்கி எழுதுனது. எல்லாத்துக்கும் சைபர். அடியில என் கையெழுத்து. கைப்புள்ளைகளப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுக்குப் பொறுப்பாளர்னு வேற போட்டுருக்கேன். பொய்னு தெரிஞ்சா என்னய வேலைல நிரந்தரமாக்க மாட்டாங்க.

வீரம்மா: அப்ப ஏன் பொய் எழுதுன?

மெரினா: பொய்னு தெரிஞ்சா எழுதுனேன்? நாலு மாசத்துக்கு முன்ன ஒங்க வீட்டுக்கு வந்து, புகையிலை பாவிக்கிறீங்களான்னு கேட்டேன்ல. என்ன சொன்னீங்க?

வீரம்மா: இல்லன்னு சொன்னேன்.

மெரினா: அப்ப வாயில என்ன இருந்துச்சு?

வீரம்மா: வெத்தில.

மெரினா: வெத்திலைக்குள்ள?

வீரம்மா: அது... வெத்திலையோட சேந்தது புள்ள. கறிக்கு உப்பு போடுறோம். அதுக்காக உப்பத் திங்கிறோம்னா சொல்லுவோம்? நீயுந்தான் எங்கையால ஒரு வெத்தில வாங்கிப் போட்டுக்கிட்டு, நல்லா மென்னு மென்னு சைபர் போட்ட.

மெரினா: வாங்கலன்னா கோவிச்சுக்குவீங்க. வீட்டுக்கு ஒன்னு. ரெண்டு நாள்ல அறுபத்திரெண்டு வெத்திலக்கா. கடைசி லயத்து வீட்டு வரிசையில தல சுத்தி, ஒரு கோழிக்கூட்டுக்கு முன்னால நின்னு பாவிக்கிறீங்களான்னு கேட்டேன்.

வீரம்மா: கோழி என்ன சொல்லுச்சு?

மெரினா: அதுக்கும் சேத்து சைபர்தான்.

வீரம்மா: அப்ப முத்துலிங்கம் கங்காணி? அவருக்குப் பீடி இல்லன்னா பொழுது விடியாதே.

மெரினா: கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, சத்தியமா இல்ல டீச்சர்னாரு. பின்னாலருந்து பொகை மேல போகுது. என்னங்க அதுன்னு கேட்டா அடுப்புங்கிறாரு. வாசப்படியில எங்கக்கா அடுப்பு? பெரிய மனுசன, எப்படி எதுத்துப் பேசுறது...

வீரம்மா: மரியாதையாச் சைபர் போட்டுட்ட.

மெரினா: அதப் பாத்துட்டுத்தான் அந்தம்மாவுக்குச் சந்தோசம் தாங்கல. இப்படி ஒரு தோட்டத்த எங்கயும் கேள்விப்பட்டதில்லையாம். எப்படிச் செஞ்சாங்கன்னு தலைவிகிட்டயே கேக்கணுமாம். சரி, தேத்தண்ணியக் குடிங்க.

வீரம்மா: ஆறட்டும்... நல்லா ஆறுனாத்தான் குடிப்பேன்.

மெரினா: குடிச்சிட்டு வாயில இருக்கிறதத் துப்பிட்டு வாங்க.

வீரம்மா: வாயில ஒன்னும் இல்ல.

மெரினா: எடது கன்னம் உப்பிக்கிட்டு இருக்கே.

வீரம்மா: நான் வெத்தில போட்டே... நாளாச்சு.

மெரினா: நீங்களா? ஒங்கள நம்பித்தான் செல்லசாமியண்ணன் கடையே தொறக்குறாரு. அய்யோ, போன் அடிக்குது. தராசு மேலயே வச்சுக்குவோம், கொழுந்து நிறுக்குற இந்த மடுவத்துல அங்கதான் சிக்னல் வரும். சிரிங்கக்கா... வாயத் தொறக்காமச் சிரிங்க.

வீரம்மா: வணக்கமுங்கம்மா. நல்லாருக்கீங்களா? இந்தாங்க, வெத்தில எடுத்துக்கங்க.

மெரினா: அக்கா. தட்ட எறக்குங்க... அது என்ன தட்டுன்னு கேக்குறாங்க. நான் பூசைக்குன்னு சொல்லிட்டேன்.

வீரம்மா: நல்லாச் சொன்ன.

மெரினா: புகையிலைய எப்படி விட்டீங்கன்னு கேக்குறாங்க.

வீரம்மா: பாவிக்காதத எப்படி விடுறது?

மெரினா: அதையெல்லாம் இங்கிலிசுல சொல்ல எனக்கு வராது. ஏதாவது சொல்லுங்க.

வீரம்மா: மாரியம்மன் கோயில்ல எல்லாரும் சூடத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணோம்னு சொல்லு.

மெரினா: சொல்லிட்டேன்... எழுதிக்கிறாங்க. எத்தன நாளைக்குச் சத்தியம்னு கேக்குறாங்க.

வீரம்மா: திருவிழா முடியிற வரைக்கும்.

மெரினா: ஆயுசுக்கும்னு சொல்லிட்டேன்க்கா... இருங்க, வேற என்னமோ கேக்குறாங்க... போச்சு. செல்லசாமியண்ணன் கடையில என்னென்ன விக்குதுன்னு கேட்டிருந்தாங்க. நான் பேக்கு மாதிரி அதையும் உள்ளபடியே எழுதி அனுப்பிட்டேன். கிழமைக்கு ஆறு கிலோ பொயில. ஒருத்தரும் பாவிக்கலன்னா அது எங்க போகுதுங்கிறாங்க.

வீரம்மா: அட்டைக்கு.

மெரினா: எதுக்கு?

வீரம்மா: அட்டைக்குன்னு சொல்லு. மழைக்குள்ள கொழுந்து எடுக்கப் போறப்ப, அட்ட ஏறாம இருக்கப் பொயிலத் தண்ணிய கால்ல தடவுறோமா இல்லையா? இது பொய் இல்ல. தைரியமாச் சொல்லு.

மெரினா: சொல்லிட்டேன்... ஆச்சரியப்படுறாங்க. கணக்குப் போடுறாங்க... ஒரு அட்டைக்கு எவ்வளவு பொயில வேணும்னு கேக்குறாங்க.

வீரம்மா: அது அட்டையோட பருமனப் பொறுத்தது.

மெரினா: ஆறு கிலோவுக்கு நம்ம தோட்டத்துல லச்சக்கணக்குல அட்ட இருக்கணுமாம். அடுத்த மாசம் அட்டையப் பத்திப் படிச்ச ஒருத்தர ரயில்ல கொட்டகலைக்கு அனுப்பி வைக்கிறாங்களாம்.

வீரம்மா: வரட்டும். முத்துலிங்கம் கங்காணி ரெண்டு வாளி புடிச்சு வைப்பாரு.

மெரினா: சிரிக்க வைக்காதீங்க... பாத்துட்டாங்க. என் பல்லு ஏன் செவப்பா இருக்குன்னு கேக்குறாங்க. லிப்ஸ்டிக்னு சொல்லிட்டேன்.

வீரம்மா: பல்லுலயா?

மெரினா: அவசரத்துல போட்டதுன்னு... விடுங்க. இதுக்கு நீங்க சிரிச்சிருக்கணுமேக்கா. ஏன் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க?

வீரம்மா: ஒன்னுமில்ல... அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு.

மெரினா: நல்ல சேதிக்கா. அடுத்த கிழம நம்ம தோட்டத்துக்கு ஒரு டொக்டர்மார் வண்டி வர்றதா இருந்துச்சாம். நம்மகிட்டதான் பாவிக்கிறவங்களே இல்லையே, அதப் பட்டிப்பொல பக்கம் திருப்பி விட்டுரவான்னு கேக்குறாங்க. வண்டி வரலன்னா டொக்டர்மார் யாரும் வந்து பாக்க மாட்டாங்க. தப்பிச்சோம். சரின்னு சொல்லிரவா?

வீரம்மா: என்ன வண்டி?

மெரினா: வாய் பாக்குற வண்டி. பொயில போடுறவங்களுக்கு வாய்க்குள்ள ஆறாத புண்ணு, கட்டி, வெள்ளத் தழும்பு ஏதாவது வந்திருக்கான்னு பாப்பாங்களாம். நமக்கு எதுக்கு அது?

வீரம்மா: நேரத்தோட பாத்தா... கொணமாகுமா?

மெரினா: மொதல்லயே பாத்தாக் கொணப்படுத்தலாமாம். முத்த விட்டாத்தான் கஷ்டமாம். சொல்லுங்கக்கா, காத்துக்கிட்டு இருக்காங்க. சரின்னு சொல்லவா?

வீரம்மா: கொஞ்சம் இரு.

மெரினா: சிக்னல் போயிரும்க்கா.

வீரம்மா: சரின்னு சொல்லாத.

மெரினா: வண்டி வந்தா எல்லாரு வாயையும் தொறந்து பாப்பாங்க. சைபர் போயிரும். என் கையெழுத்து, என் வேல...

வீரம்மா: தெரியும் புள்ள. அதுக்காகத்தான் இவ்வளவு நேரமும் நான் அட்டக் கத சொன்னேன். தோட்டத்துத் தொரைக்கிட்ட நானே வந்து பேசுறேன், இந்தப் புள்ள மேல குத்தமில்ல, நாங்கதான் மறைச்சோம்னு சொல்றேன். இந்தக் கன்னத்துல இருக்கிறது வெத்தில இல்ல. மூணு மாசமா ஒரு புண்ணு. சுடுதண்ணி எறங்கல, கொச்சிக்கா காரம் தொட முடியல. பயத்துல யாருகிட்டயும் சொல்லல, எங்க வீட்டு ஆளுகிட்டயும் சொல்லல. நீ அந்தச் சைபர வெட்டிட்டு ஒன்னுன்னு எழுது.

மெரினா: வாய நல்லாத் தொறங்கக்கா, போன ஒங்க பக்கம் திருப்பிட்டேன், டொக்டரம்மா பாக்குறாங்க... பயப்படாதீங்க, நான் ஒங்க கையப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்... வண்டி இங்கயே வரட்டும்னு சொல்லிட்டேன். ஆனா ஒன்னுன்னு எழுத மாட்டேன்க்கா, ரெண்டுன்னுதான் எழுதுவேன்... அந்த அறுபத்திரெண்டு வீட்டுக்கப்புறம் என்னாலயும் விட முடியல, பொயில டப்பா என் ஹேண்ட்பேக்லதான் இருக்கு.