தண்ணீரில் நின்றவர்

மாலை ஐந்தே முக்கால். ஏரியைச் சுற்றிப் போகும் மண் சாலை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது... மேற்கே வானம் அடிபட்ட இடம்போலக் கன்றிக் கிடந்தது. அந்தச் சாலையோரமாக ஒரு பள்ளிக்கூட வேன் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறவரைக்கும் மெஷின் ஓடாது, நைட் ஷிப்டில் நமக்கும் வேறு வேலை கிடையாது. யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள். மின்னல் வெட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காதீர்கள். இது கோபம்.

உங்களுக்கு முன்னால் இதே பிரிண்ட் லேபில், இதே நாற்காலியில் படங்களின் கலரைச் சரிபார்த்தவள் என் தோழி. கலர்க்காரி என்றுதான் கூப்பிடுவோம். அந்த வேனை ஓட்டியவர் அவள் கணவர். அவளுடைய அண்ணன் போட்டோகிராபர். இடி, மின்னல், சூறைக்காற்று... எங்கே வானம் கெட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். தங்கை கூப்பிட்டால் வரமாட்டார், புயல் கூப்பிட்டால் போவார் என்று வீட்டில் கேலி பேசுவார்கள்.

அன்றைக்கு அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அத்தனை பெரிய ஏரிக்கு நடுவில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மனிதன் நின்றால்தான் படம் பார்ப்பவர்களுக்கு அதன் பிரமாண்டம் புரியுமாம். தங்கை கணவரைக் கூட்டிக்கொண்டு போனார். ஏரியில் கணுக்கால்கூட நனையாத தண்ணீர். ஆனால் கண்ணாடி மாதிரிப் பரந்து கிடந்தது. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காத ஒரு சிவப்புக் குடையைக் கையில் கொடுத்து, இருநூறு அடி தள்ளி நிறுத்தினார். ஷட்டர் பதினைந்து விநாடி திறந்திருக்கும். அதற்குள் அசைந்தால் ஆள் கலங்கிப் போய்விடுவார்.

மாப்பிள்ளை தண்ணீரில் நின்றபடியே மனைவிக்குப் போன் போட்டார். சிரித்துக்கொண்டுதான் பேசினாராம்.

"உங்கண்ணன் என்னைச் சோளக்கொல்லைப் பொம்மையா ஆக்கிட்டாரு. இடிச் சத்தம் கேக்குதா? வேணாம் மச்சான்னு சொல்லிப் பாத்தேன். அஞ்சே நிமிஷம், அசையாம நில்லுங்க மாப்பிள்ளைங்கிறாரு. ஏழு மணிக்குள்ள வந்துடறேன்."

அண்ணன் எங்கே இருந்தார் தெரியுமா? கேமராவை வெளியே ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திய வேனுக்குள். இடி நேரத்தில் வெட்டவெளியில் நிற்கக் கூடாது என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஒரு வெளிச்சம்... காதை அடைக்கிற மாதிரி ஒரு சத்தம்... அப்புறம் கருகிய வாசனை.

போலீஸிடம், மாப்பிள்ளை தானாகத்தான் போனார், நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்று அண்ணன் எழுதிக்கொடுத்தார். போனில் பேசியதைத் தோழி சொன்னாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். இடி இடிக்கும்போது குடையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்குள் போன மடையன் என்று ஊர் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் மகளைப் பார்த்து, உங்கப்பா லூசா என்று கேட்டார்களாம். கேட்டது யார்? தினமும் அவர் வேனில் ஏற்றி இறக்கிய பிள்ளைகள்.

கலர்க்காரி அண்ணனிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் அவரை அங்கே நிறுத்தினேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாலு மாதம் போயிற்று. புகைப்படக் கண்காட்சிக்காரர்கள் நம் லேபுக்கு ஒரு படம் அனுப்பினார்கள். பரிசு வாங்கிய படம், பத்தடி அகலத்துக்குப் பிரிண்ட் வேண்டும். தலைப்பு, ‘யாருமற்ற ஏரி’. எடுத்தவர் பெயரைப் படித்ததும் அவள் முகம் இறுகிவிட்டது.

மெஷின் சர்... சர்... என்று ஓடியது. சூடான மை வாசனை. முதலில் மேகம் இறங்கியது. பிறகு மின்னல். பிறகு ஏரி, ஆளே இல்லாமல். அண்ணன் மாப்பிள்ளையைப் படத்திலிருந்து அழித்திருந்தார். அழித்த தடம்கூடத் தெரியாத சுத்தமான வேலை. கடைசி இரண்டடி மெதுவாக இறங்கியது...

தண்ணீருக்குள் தலைகீழாக ஒருவர் நின்றிருந்தார். கையில் சிவப்புக் குடை.

மேலே ஆள் கிடையாது. கீழே பிம்பம் மட்டும்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆளை அழிச்சவருக்கு நிழலை அழிக்க மறந்துபோச்சு" என்றாள். போனை எடுத்து அண்ணனை வரச் சொன்னாள்.

அரை மணியில் வந்தார். அதையும் முதல் நாளே அழித்துவிட்டேன் என்று லேப்டாப்பைத் திறந்து காட்டினார். உண்மைதான். திரையில் வெறும் தண்ணீர். மையை மாற்றினோம், பேப்பரை மாற்றினோம், அடுத்த மெஷினில் ஓட்டினோம். மூன்று பிரிண்ட். மூன்றிலும் நின்றார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். முகம் துளிகூடக் கலங்கவில்லை. ஆனால் கண் கேமராவைப் பார்க்கவில்லை... கொஞ்சம் இடப்பக்கம், வேன் நின்ற பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்காட்சிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். என்ன கற்பனை, என்ன கற்பனை என்று அதையே நடுச் சுவரில் மாட்டினார்கள்.

திறப்பு விழாவுக்குத் தோழி மகளோடு போனாள். நானும் போனேன். யாரோ ஒருவர், தண்ணீருக்குள் நிற்பது யார் என்று கேட்டார். மைக் அண்ணன் கையில் இருந்தது. முதல் வரிசையில் தங்கை. சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? அவர் அவளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற குழந்தையையும் பார்த்தார்.

"எங்க வீட்டு மாப்பிள்ளை. தானாத்தான் போய் நின்னார். பாவம், கொஞ்சம் விவரம் பத்தாது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பாவி, செத்தவர் பெற்ற பிள்ளையின் காதில் விழும்படி சொன்னார். எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. அப்போது குழந்தை அம்மாவின் கையை இழுத்தது.

படத்தில் தண்ணீர் காலியாக இருந்தது.

அந்த மண்டபத்துத் தரை பளிங்கு. மேலே எரிகிற அத்தனை விளக்கும் தரையில் மின்னும். குழந்தை அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனின் ஷூவுக்குக் கீழே, பாதத்தோடு பாதம் ஒட்டி, தலைகீழாக... சிவப்புக் குடை விரிந்திருந்தது. அவர் ஓரடி நகர்ந்தார். அதுவும் நகர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் வெளியே வருவதில்லை. வீட்டுத் தரை முழுக்கக் கோணி விரித்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டுதான் தண்ணீர் குடிக்கிறாராம். இத்தனைக்கும் ஒரு வாக்கியம் போதும். ஒரே ஒரு வாக்கியம். சொல்ல மாட்டாராம்.

போன வாரம் தோழி அங்கே போனாள். கடைசித் தடவை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பாயில் சுருண்டு கிடந்தவரின் முகத்துக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்தாள்.

"நாலு பேர் வேணாம்ணா. என்கிட்ட மட்டும் சொல்லுங்க. யாரு நிக்கச் சொன்னது?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "தானாத்தான்... போனார்" என்றார்.

நீர் திரண்டு நின்ற அந்தக் கண்ணில், குனிந்திருந்தவளின் முகம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அங்கே அவள் கணவர் நின்றார். இந்தத் தடவை தலைகீழாக இல்லை, நேராக.

குடையை மடக்கிக் கையில் பிடித்திருந்தாராம்... வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர்கள் பிடிப்பதுபோல.