கிளீனர் குப்பு

லீலா: சம்மந்திக்கு போன்ல ஒரே குஷி. நாளைக்கு காலைல தேவிகாபுரத்துல புது லாரிக்கு பூஜையாம். எலுமிச்சம்பழத்து மேல நீங்கதான் வண்டிய ஏத்தணுமாம்.

அருணகிரி: நானா! அவரு புள்ள ஏத்தட்டுமே...

லீலா: "டிவி நாடகத்துல லாரி ஓட்டின கை, அதான் ராசி"ன்றாரு.

அருணகிரி: கண்ணு சரியில்லன்னு சொல்லிடு.

லீலா: கண்ணு சரியில்லாமதான் பட்டு நெய்யறீங்களா? இந்தா பாருங்க, அந்த நாடகத்த யாரோ யூடியூப்ல போட்டுக்கிறாங்க. நம்ம பொண்ணு லாவண்யா அனுப்பிச்சா.

அருணகிரி: ஐயோ... நிறுத்துடி அத!

லீலா: இருங்க! லாரிக்காரரு பாடிகினு வராரு, பெரிய மீசையும் கறுப்புக் கண்ணாடியுமா நீங்கன்னே தெரியல... பக்கத்துல கிளீனர் குப்பு, கொரங்கு. ஏங்க, இந்த வேஷம் கட்டினது யாருன்னீங்க?

அருணகிரி: எத்தினி தடவ கேப்ப? யாரோ ஒரு பையன். எப்பவோ செத்துட்டான்.

லீலா: ம்... தார்ப்பா கயிறு அறுந்துபோச்சு. குப்பு இறங்குது... ஏங்க, முடிச்சு போடல!

அருணகிரி: கொரங்குக்கு முடிச்சு தெரியுமா?

லீலா: சாம்பலத் தொட்டு முறுக்குது! தறியில அறுந்த இழைய நாம சேக்கற மாதிரியே...

அருணகிரி: டைரக்டரு சொல்லிக் குடுத்திருப்பாரு.

லீலா: எடது சுண்டுவெரல தூக்கிகினு முறுக்குது. ஆரணியில அப்பிடி முறுக்கற ஆளு ஒருத்தர்தான். என் எதிர்லயே முழிச்சிகினு ஒக்காந்திருக்காரு!

அருணகிரி: லீலா...

லீலா: அடப்பாவி மனுஷா! அப்போ லாரி?

அருணகிரி: ஸ்டியரிங்க தொட்டதே இல்லடி.

லீலா: முப்பத்திரண்டு வருஷம்! ஊர் பூரா... சம்மந்தி வரைக்கும்...

அருணகிரி: கொரங்கு வேஷம் கட்டினவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? "பொண்ணு அந்த நாடகத்து ஆளுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது, டிரைவர்னு சொல்லிக்கோ"ன்னாரு தரகர். நாளைக்கு அந்த லாரிய செவுத்துல ஏத்திட்டா லாவண்யா கல்யாணமே நின்னுடும். போன் போட்டு உண்மைய சொல்லிடு... ஏன்டி அழுவுற? திட்டு, வாங்கிக்கறேன்.

லீலா: கண்ணமங்கலம் ரோட்ல ஷூட்டிங் நடந்தப்போ... ஒரு பொண்ணுக்கு செருப்பு வார் அறுந்துச்சே...

அருணகிரி: ஆமா, மஞ்ச தாவணி! கொரங்கு மூஞ்சியோடவே தெச்சிக் குடுத்தேன், அந்தக் கண்ணு ஓட்டையில அவ மொகம்கூட சரியா தெரியல. ஒனக்கெப்பிடி... லீலா! நீயா?

லீலா: டிரைவரு குடைக்குள்ள ஒக்காந்துகினு இருந்தாரு, அவர யாரு பாத்தா? கொரங்கு ஆரணிப் பையன்னு கூட்டத்துல சொன்னாங்க. கொரங்குன்னு சொல்ல வெக்கம், "நாடகத்து ஆளு"ன்னு தரகர்கிட்ட சொன்னேன். டிரைவரு வந்து நின்னாரு, தலையெழுத்துன்னு கழுத்த நீட்டினேன். சம்மந்திகிட்ட நானே பேசிக்கறேன், அத விடு. கொரங்கு செத்துட்டான்னு மொத தடவ நீ சொன்ன அன்னிக்கி, வெங்காயம் அரியறேன்னு சொல்லி அழுதேனே... எதிர்லயே நின்னுகினு பாத்தியேய்யா!