பதிப்பாளரின் அனுமதி தேவை

அறிவார்ந்த இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே! எனக்கு இடப்பக்கம் அமர்ந்து, நான் என்ன பேசப்போகிறேனோ என்று இப்போதே நெற்றியைத் துடைத்துக்கொள்ளும் இயக்குநர் அவர்களே! படித்துப் படித்தே தலை நரைத்த பெரியோர்களே! வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! இலவச இணையத்துக்காகவே கடைசி வரிசையைப் பிடித்திருக்கும் தம்பிமார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

பழைய இதழ்களையெல்லாம் மின்வடிவம் ஆக்கிவிட்டோம், பொத்தானை அழுத்தித் தொடங்கிவைக்க வாருங்கள் என்றார்கள். வந்தேன். வாழ்த்திப் பேசுங்கள் என்றார்கள். அதுதான் வாயில் வரமாட்டேன் என்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்காக ஒரு காலாண்டிதழ் நடத்தினேன். எழுதியவள் நான். அச்சகத்துக்கு அலைந்தவள் நான். அஞ்சல்தலை ஒட்டி ஒட்டி நாக்கு வறண்டவள் நான். ஆசிரியரும் நானே, பதிப்பாளரும் நானே, சில சமயம் வாசகரும் நானே! சிரியுங்கள், சிரியுங்கள், அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. இதழை நிறுத்தியபின், என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே தொகுப்பையும், ஊருக்கெல்லாம் பயன்படட்டும் என்று இந்த நூலகத்துக்குக் கொடுத்தேன்.

சென்ற மாதம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு போயிடுச்சு. மிச்சம் இருக்கிறது ஒரே வார்த்தை, 'சரி'. சாப்பிடறீங்களான்னா சரி. வேண்டாமான்னா அதுக்கும் சரி. வலிக்குதான்னா சரி. எதை நம்பறதுன்னே தெரியலம்மா" என்று சொல்லி அழுதார்.

அப்படிப்பட்டவர்களுக்காகவே படம் காட்டிப் பேசவைக்கும் பயிற்சி ஒன்றை என் இதழில் வெளியிட்டிருந்தேன். அந்தப் பெண் அதை நூலகப் பட்டியலில் கண்டுபிடித்தும் விட்டார். தலைப்பு இருக்கிறது! ஆண்டு இருக்கிறது! பக்க எண்கூட இருக்கிறது! 'மின்வடிவில் உண்டு' என்று பச்சை எழுத்தில் பளிச்சென்று இருக்கிறது! தட்டினால் என்ன வருகிறது? 'பதிப்பாளரின் அனுமதி தேவை.'

யார் ஐயா அந்தப் பதிப்பாளர்? செத்தா போனார்? உங்கள் முன்னால் நின்று கத்திக்கொண்டிருக்கிறாரே! உடனே நூலகத்தை அழைத்தேன். "மேடம், பதிப்பாளர் அனுமதி கொடுத்தாத்தான் திறக்கும்" என்றார் அங்கிருந்த தம்பி. "நான்தாம்ப்பா பதிப்பாளர்" என்றேன். "அப்ப அனுமதி கொடுங்க." "கொடுத்துட்டேன்." "எங்க வாங்கி வைக்கிறதுன்னு எங்களுக்கே தெரியல மேடம்" என்றார். போகட்டும், அச்சுப் பிரதியையாவது காட்டு என்றேன். "மின்வடிவம் ஆயிட்டா பழசை வெளிய எடுக்கக் கூடாது மேடம்!" என்றாரே பார்க்கலாம்! பெற்ற பிள்ளையைப் பார்க்கவே பிறரிடம் சீட்டு வாங்கி வா என்றால் எந்தத் தாய்க்குத் தாங்கும்?

இயக்குநரை அழைத்தேன். "சரிம்மா, பாத்துடலாம்" என்றார். மீண்டும் அழைத்தேன். "சரிம்மா." நேரில் வந்தேன். "சரிம்மா." அங்கே ஒரு மனிதருக்கு ஒரே சொல்தான் மிச்சம், அது நோய். இங்கே ஓர் அலுவலகத்துக்கே ஒரே சொல்தான் மிச்சம். இதற்கு என்ன பெயர் வைப்பேன்?

தலைவர் அவர்களே, மணியை அடிக்காதீர்கள். பொத்தானை அழுத்தத்தானே அழைத்தீர்கள்? இதோ அழுத்துகிறேன். என் இதழையே திறக்கிறேன். எல்லாரும் திரையைப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது? சத்தமாகப் படியுங்கள்! கேட்டீர்களா? மூன்றாவது வரிசையில் மனைவியின் தோளைப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறாரே, தொலைபேசியில் அழுத பெண்ணின் கணவர், இந்த வரியால் தடுக்கப்பட்டவர் அவர்தான். பேச்சு திரும்ப வேண்டிய காலம் பூட்டுக்கு முன்னால் கரைந்துகொண்டிருக்கிறது.

யாரம்மா அங்கே கை தூக்குவது? பட்டியல் பிரிவா? மேலே வா, ஒலிவாங்கியில் சொல்.

"அந்தப் பதிவைப் போட்டது நான்தான் மேடம். பட்டியல்ல அதுக்கு முந்தின பத்திரிகைக்காரர், தன் இதழைத் திறந்துவிடக் கூடாதுன்னுட்டார். சீக்கிரம் முடிங்கன்னு மேல நெருக்கினாங்க. அந்தப் பதிவையே நகல் எடுத்து, தலைப்பையும் ஆண்டையும் மாத்தினேன். அனுமதிக் கட்டத்தை மாத்த விட்டுட்டேன். இப்பவே திருத்திடலாம், ஆனா இயக்குநர் சொல்லணும்."

அடக் கடவுளே! யாரோ ஒருவர் போட்ட பூட்டை நகல் எடுத்து என் வீட்டுக்கும் போட்டுவிட்டாயா! போகட்டும், உன்னை நெருக்கியவர்கள் மேல்தான் என் கோபம். இயக்குநர் ஐயா, ஒலிவாங்கி உங்கள் முன்னால் இருக்கிறது.

"சரிம்மா."

போதாது ஐயா! இது என் தொழில், எனக்குத் தெரியும். மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சொல் தானாக வரும்.

"...திறந்துவிடும்மா."

கை தட்டுங்கள்! முதல் நோயாளி தேறிவிட்டார்! மகளே, கட்டத்தை மாற்று. வருகிறதா? வந்துவிட்டது! பாருங்கள், நான் வரைந்த குவளை, தலையணை, நாற்காலி. நாற்காலிக்கு மூன்று கால்தான் தெரிகிறது, என் ஓவியத் திறமை அவ்வளவுதான்.

பட்டியலில் இருப்பதாலேயே ஒன்று இருப்பதாகிவிடுமா? தேவைப்பட்டவர் கையில் சேராத நூல், நூலகத்தில் இருந்தும் இல்லாததுதான்! நகல் எடுத்துப் போட்ட பதிவுகள் இன்னும் எத்தனை? எத்தனை கதவுகளில் யார் யாருடைய பூட்டு? ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு விழா எடுங்கள், நானே வந்து நாற்காலி போடுகிறேன்!

என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? அவருக்குக் களைப்பாக இருக்குமென்று 'வீட்டுக்குப் போலாமாங்க' என்று கேட்டீர்களா? என்ன சொன்னார்? தலையை ஆட்டினாரா? மாட்டேன் என்றா?

அவையோரே, எதைக் கேட்டாலும் சரி என்ற மனிதர், இப்போது மாட்டேன் என்கிறார்! திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை, பாருங்கள்.

நினைவுப் பரிசு எனக்கு வேண்டாம். அந்தப் பக்கங்களை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், கை தூக்கிய மகளுக்கும், மாட்டேன் என்ற அந்த மனிதருக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன். விளக்கை அணைத்துவிடாதீர்கள், அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.