நீலம் போன வெள்ளிக் காசு

என் பெயர் டோர்க்னி லிண்ட்வால். தகப்பனார் பெயர் ஆல்பின். வயது 71. ஹெர்னோசாண்ட் நகரில், துறைமுகத் தெரு, எண் 9, இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். ஊர் நாணயச் சங்கத்தில் உறுப்பினர். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று விசாரணை அதிகாரி திருமதி டீசா ஃபோர்ஸ்கிரென் சொன்னார், வேண்டாம் என்றேன். 2024 ஜூலை 2 செவ்வாய்க்கிழமை காலை அவர் கேட்க நான் சொல்வதாவது:

என் மேல் புகார் கொடுத்திருக்கும் சிக்ஸ்டன் நூர்டென், வயது 76, இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரை எனக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தெரியும். சங்கத்தில் பழகி வீட்டுக்குப் போய்வரும் நட்பானது. அவர் மனைவி மைக்கென் இந்த ஆண்டு பிப்ரவரியில் காலமானார். மகள் யில்வா உமெயோவில் வேலை பார்க்கிறார்.

புகாரில் சொல்லப்படும் காசு 1907ஆம் ஆண்டு இரண்டு குரோனர் வெள்ளிக் காசு. அன்றைய ராஜாவும் ராணியும் ஐம்பதாவது திருமண நாள் கொண்டாடியபோது வெளியிட்டது. இருவர் முகமும் ஒரே பக்கத்தில் இருக்கும். சந்தையில் அப்படியொன்றும் விலை போகாது. 1974இல் கல்யாணமான மறுவாரம் சுண்ட்ஸ்வாலில் ஒரு கடையில் சிக்ஸ்டன் அதை வாங்கி மனைவிக்குக் கொடுத்தார். மைக்கென் அதைக் கம்பளித் துணியில் சுற்றித் தையல் பெட்டியில் வைத்திருந்தார். கம்பளியில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி நிறம் மாறி, ஓரம் செம்பொன்னாகவும் நடுவில் ஆழ்ந்த நீலமாகவும் ஆகிவிட்டது. அப்படி ஒரு நீலத்தை நான் வேறு காசில் பார்த்ததில்லை. சங்கத்தில் எல்லோருக்கும் அந்தக் காசு தெரியும்.

மைக்கெனுக்கு அந்த நிறம் பிடிக்காது. "ராணி மூஞ்சில மையைக் கொட்டி வச்ச மாதிரி இருக்கு. வாத்தியாரே, நீங்களாவது ஒரு தடவ பளிச்சுனு ஆக்கிக் குடுங்களேன்" என்று என்னிடம் கேட்பார். சிக்ஸ்டன் விடமாட்டார். 1993 என்று நினைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் சமையலறைக்குள் போனபோது மைக்கென் பற்பசையை விரலில் எடுத்துக் காசைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார். சிக்ஸ்டன் அதைப் பிடுங்கிக்கொண்டு, என்னை வைத்துக்கொண்டே, "உனக்குப் பாத்திரமும் ஒண்ணு, இதுவும் ஒண்ணா?" என்று கத்தினார். மைக்கென் கையைக் கழுவிவிட்டு எனக்குக் காபி ஊற்றினார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. காசு மறுபடியும் கம்பளிக்குள் போனது.

இந்த ஆண்டு ஜூன் 8 அவர்களுடைய ஐம்பதாவது திருமண நாளாக இருந்திருக்கும். அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணியளவில் சிக்ஸ்டன் வரச்சொல்லி நான் அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் ஏலக்காய் ரொட்டியும் மூன்று கோப்பையும் இருந்தன. மூன்றாவது கோப்பையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. துக்கத்தில் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் காசை என் முன் வைத்து, "இதைச் சுத்தம் பண்ணிக் குடு" என்றார்.

நான் மறுத்தேன். அது அழுக்கு அல்ல, வெள்ளியின் மேல்தோலே அப்படி மாறியிருக்கிறது, வெள்ளி துலக்கும் மருந்தில் முக்கினால் அந்தத் தோலே கரைந்து போகும், திரும்ப வராது, காசு வெளுத்து உயிரில்லாமல் நிற்கும் என்று விளக்கினேன். அவருக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். சங்கத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவரே இதைச் சொல்லித் திட்டுவார். கேட்டுவிட்டு, "இத்தன வருஷத்துல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா வாத்தியாரே. அதையும் நான் செய்யல" என்றார். நான், "இப்போ செஞ்சு யாருக்குய்யா காட்டப்போற?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. "அவளுக்குப் பதிலா நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்க் கரைசலும், காய்ச்சி வடித்த நீரும், தராசும், கேமராவும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். போகும் வழியிலும் வரும் வழியிலும் யோசித்தேன். மருந்து தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். முதலில் என்னுடைய கறுத்த காசு ஒன்றை முக்கிக் காட்டினேன், பார்த்தால் மனம் மாறுவார் என்று. "சரி, அடுத்தது இது" என்றார். காசைப் படம் எடுத்து, எடை போட்டுக் குறித்துக்கொண்டு, இடுக்கியில் பிடித்து முக்கினேன். ஐந்து எண்ணுவதற்குள் நீலம் போய்விட்டது. நீரில் அலசித் துணியில் ஒற்றி எடுத்தேன். எடை நான்கு மில்லிகிராம் குறைந்திருந்தது.

அதன் பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது ராணியின் கன்னத்தில் வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பற்பசை வைத்துத் தேய்த்த கீறல்கள். அவற்றின் மேல் மறுபடி நிறம் ஏறியிருந்ததால் இத்தனை வருடமும் கண்ணில் படவில்லை. சிக்ஸ்டன் லென்ஸ் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். "இது அவ விரல்" என்றார். காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமல் கை குலுக்கினார். நான் நான்கு மணிக்குக் கிளம்பினேன்.

அதன் பிறகு ஜூன் 15 அன்று அவர் தொலைபேசியில், "என் காசை எடுத்துட்டு வேற எவனோ கீறிப்போட்ட காசை வச்சிட்டுப் போயிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?" என்றார். நான் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். சுத்தம் செய்யச் சொன்னதே அவர் நினைவில் இல்லை. "நான் அதைத் தொட விடுவேனா? மைக்கெனையே விடலையே!" என்று கதவைச் சாத்தினார். 19ஆம் தேதி இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தார்.

ஜூன் 7 அன்று அவர் தெளிவாக இருந்தாரா என்று அதிகாரி கேட்டார். தெளிவாகப் பேசினார். ஆனால் வசந்த காலத்திலிருந்தே அவர் ஒரே கதையை ஒரே நாளில் இருமுறை சொல்வதும், படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றதும் எனக்குத் தெரியும். யில்வாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவரை வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். அன்று அவர் தெளிவாக இருந்தார் என்று நம்பினால் எனக்கு வசதியாக இருந்தது.

முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் எடைக் குறிப்பையும் அதிகாரியிடம் காட்டினேன். விளிம்பில் உள்ள சிறு வெட்டு இரண்டு படத்திலும் ஒன்றே என்று அவரும் பார்த்தார். புகாரைக் கேள்விப்பட்டு ஊருக்கு வந்து படங்களைப் பார்த்த யில்வா, இதைத் தகப்பனாருக்குக் காட்டிவிடலாம் என்று சொன்னார். வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். நான் திருடினேன் என்று நம்பும்வரை அவருடைய நீலக் காசு எங்கேயோ ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. படத்தைக் காட்டினால் அது உலகத்திலேயே இல்லை என்று ஆகும். அழித்தது அவரே என்றும் ஆகும். ஆகையால் வழக்கை முடித்து அவருக்கு அனுப்பும் கடிதத்தில், போதிய ஆதாரம் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படியானால் அவர் கடைசிவரை உங்களைத் திருடன் என்றே நினைப்பாரே என்று அதிகாரி சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன்.

இப்போது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவர் தொலைபேசியில் கூப்பிடுகிறார். நேற்றும் கூப்பிட்டார். "கோவமெல்லாம் இல்ல. அதை மட்டும் குடுத்துடு, வாத்தியாரே" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது, படிக்கக் கேட்டேன். என் அறிவுக்கு எட்டியவரை இதில் உள்ளவை உண்மை. நேற்று அவரிடம் சொன்னது மட்டும் பொய்.

(ஒப்பம்) டோர்க்னி லிண்ட்வால்