பிரிக்காத கடிதம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் மடியில் ஒரு ரோஜா மாலை இருந்தது.

"இத்தினி வருஷமா லெட்டர் போட்டுக்கினும் அவங்க மூஞ்சியே பார்த்ததில்ல. இன்னிக்குத்தான் போட்டோவுல பார்க்கப் போறேன்," என்றார் அவர்.

"போன்லகூடப் பேசினதில்லையாக்கா?" என்று கேட்டார் சின்னவர்.

"நம்பர் கேட்டேன். பேசிட்டா லெட்டர் நின்னுடும், வேணாம்னுட்டாங்க. அவங்க ஊரு பெருமுக்கல்ல மழை பேஞ்சா, மூணாம் நாளு எங்க ஊரு காணையில எனக்குத் தெரியும். நெலத்துல மல்லாட்டைச் செடி புடுங்கினது, மருமகளோட சண்டை போட்டது, எல்லாம் எழுதுவாங்க. தபால்காரர் பெல் அடிச்சா, அடுப்பைக்கூட அணைக்காம ஓடுவேன்."

பையிலிருந்து ஓர் இன்லண்ட் கடிதத்தை எடுத்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"இதுகூடவே அவங்க பொண்ணு போட்ட கார்டும் வந்துச்சு, அம்மா போயிட்டாங்கன்னு."

"இன்னிக்குப் பதினாறாம் நாள் காரியம். இன்னுமா பிரிக்காம வச்சிக்கினு இருக்கீங்க?"

"பிரிச்சா அன்னிக்கே பதில் எழுதிடணும்னு எங்களுக்குள்ள பேச்சு. ரெண்டு பேருமே தவறினதில்ல. இப்ப எழுதி யாருக்குப் போடுவேன்?"

பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டியது. பிறகு காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. மூத்தவர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் சிரித்தார். படித்து முடித்து, மடித்து, மாலைக்கு அடியில் வைத்தார்.

"உன்கிட்ட பேனா இருக்குதாம்மா?" என்றார்.